கிளினிக் இருக்கிறது, தங்கி வேலை செய்ய ஆள் எங்கே?

மலேசியாவில் இரண்டு செய்திகளை ஒரே வாரத்தில் படிக்க முடிகிறது. மருத்துவப் பட்டம் வாங்கிய இளைஞர்கள் நிரந்தர வேலை கிடைக்காமல் தவிக்கிறார்கள் என்பது ஒரு செய்தி. சபா, சரவாக் மாநிலங்களின் உட்புறப் பகுதிகளில் போதிய டாக்டர் இல்லை, தாதி இல்லை என்பது இன்னொரு செய்தி. இரண்டும் உண்மை. ஒரே நாட்டில், ஒரே சமயத்தில் இந்த இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று யோசித்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

நான் கோத்தா கினபாலுவில் தாதியர் இளங்கலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டு மாணவன். சொந்த ஊர் பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட். தமிழ்ப்பள்ளி, தேசிய இடைநிலைப்பள்ளி, மெட்ரிகுலேஷன் என்று உங்களில் பலர் வந்த அதே வழியில் வந்தவன். யு.பி.யு. விண்ணப்பத்தில் எனக்கு இந்தப் படிப்பு கிடைத்தது என்று தெரிந்ததும் மாமா கேட்ட முதல் கேள்வி, "ஏன்டா தம்பி, ஆம்பளப் பையன் நர்ஸா? டாக்டருக்குப் போடலையா?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் டாக்டர்களின் கதையைப் பார்த்துவிடுவோம்.

2000க்குப் பிறகு நாட்டில் மருத்துவக் கல்லூரிகள் மளமளவென்று பெருகின. 2010களின் தொடக்கத்தில் அவற்றின் எண்ணிக்கை 30ஐத் தாண்டியது. இது போக உக்ரைன், ரஷ்யா, இந்தோனேசியா, இந்தியா, எகிப்து என்று வெளிநாடுகளில் படித்துத் திரும்பியவர்களும் ஏராளம். வீட்டை அடமானம் வைத்தும் இ.பி.எஃப். பணத்தை எடுத்தும் பிள்ளையை அனுப்பிய குடும்பங்கள் உங்கள் தாமானிலும் இருக்கும். படித்து முடித்தால் ஹவுஸ்மேன் பயிற்சி கட்டாயம். 2008இல் அது 1 ஆண்டிலிருந்து 2 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. ஆனால் பயிற்சி தரக்கூடிய மருத்துவமனைகளும், பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கும் நிபுணர்களும் பட்டதாரிகளின் வேகத்துக்குப் பெருகவில்லை. 2011இல் புதிய மருத்துவப் படிப்புகள் தொடங்க அரசாங்கம் தற்காலிகத் தடை விதித்தது. 2016 இறுதியிலிருந்து புதிய டாக்டர்களை ஒப்பந்த அடிப்படையில் எடுக்கத் தொடங்கினார்கள். கோவிட் கடுமையாக இருந்த 2021 ஜூலை 26ஆம் தேதி, ஒப்பந்த டாக்டர்கள் நாடெங்கும் மருத்துவமனை வளாகங்களில் ஹர்த்தால் நடத்தியது உங்களுக்கு நினைவிருக்கலாம். அப்போது நான் பள்ளி மாணவன். "டாக்டரே ரோட்டுக்கு வந்துட்டாங்களே!" என்று அப்பா தொலைக்காட்சியைப் பார்த்துச் சொன்னது நினைவிருக்கிறது.

தாதியர் துறையிலும் ஏறக்குறைய இதே கதை. 2000களில் தனியார் தாதியர் கல்லூரிகள் நிறையத் திறக்கப்பட்டன. பி.டி.பி.டி.என். கடன் வாங்கிப் படித்தவர்களில் பலருக்குப் பிறகு வேலை கிடைக்கவில்லை. நுழைவுத் தகுதியை உயர்த்தினார்கள். படிக்க வருவோர் குறைந்தார்கள். இன்று மறுபடியும் தாதியர் போதவில்லை என்கிறோம். இதற்கிடையே அனுபவமுள்ள தாதியர் சவூதிக்கும் சிங்கப்பூருக்கும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆள் போதவில்லை என்றால் கல்லூரி திற, ஆள் மிஞ்சினால் கதவை மூடு என்று இருபது ஆண்டுகளாகத் தலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறோம். யாரைத் தேர்ந்தெடுக்கிறோம், எங்கே வைத்துப் பயிற்சி கொடுக்கிறோம், பயிற்சி முடித்தவர் அடுத்து எங்கே ஏறலாம் என்ற மூன்று கேள்விகளையும் போதுமான அளவு கேட்கவில்லை என்பது என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு நம் நாட்டின் பழைய வரலாறு ஒன்றே போதும்.

ஜித்ராவில் படித்த பெண்கள்

1957இல் மலாயா சுதந்திரம் பெற்றபோது, 1 லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்குச் சுமார் 280 தாய்மார்கள் பிரசவத்தோடு தொடர்புடைய காரணங்களால் இறந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அந்த எண் 50க்கும் கீழே வந்துவிட்டது. உலக வங்கி 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வு நூல், ஏழை நாடுகள் தாய் இறப்பைக் குறைக்க மலேசியாவையும் இலங்கையையும் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்றே தலைப்பு வைத்தது. அதன் முதன்மை ஆசிரியர் டாக்டர் இந்திரா பத்மநாதன், மலேசியப் பொதுச் சுகாதார நிபுணர்.

எப்படிக் குறைந்தது? அப்போது நாட்டில் டாக்டர்களே சொற்பம். மகப்பேறு நிபுணர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அரசாங்கம் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. 1950களில் கெடாவின் ஜித்ராவில் கிராமச் சுகாதாரப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. உள்ளூர் இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்து, மருத்துவச்சிப் பயிற்சி கொடுத்து, கம்போங்குகளுக்கு அனுப்பினார்கள். அமைப்பு மூன்று படிகளாக இருந்தது. 50,000 பேருக்கு ஒரு பெரிய சுகாதார மையம், அதன் கீழ் 10,000 பேருக்கு ஒரு துணை மையம், 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி கிளினிக்.

அந்த மருத்துவச்சி கிளினிக்கோடு சேர்த்தே அவர் குடியிருக்க வீடும் கட்டிக் கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விவரம். கிளினிக்கும் வீடும் ஒரே கூரையின் கீழ். நள்ளிரவில் வலி வந்தால் கதவைத் தட்டலாம். சம்பளம், பதவி உயர்வு என்று இன்று எவ்வளவோ பேசுகிறோம். உட்புறத்துக்கு மாற்றலாகிப் போகும் 24 வயதுப் பெண்ணுக்கு முதலில் வரும் கவலை, பூட்டிக்கொள்ளக் கதவும் குளிக்கத் தண்ணீரும் உள்ள ஒரு வீடு கிடைக்குமா என்பதுதான். 1950களில் திட்டம் போட்டவர்களுக்கு இது தெரிந்திருந்தது.

கம்போங்கில் ஏற்கெனவே பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த பாரம்பரியப் பீடான்களையும் அவர்கள் விரட்டவில்லை. 1966 மருத்துவச்சிகள் சட்டத்தின் கீழ் அவர்களைப் பதிவு செய்தார்கள். சுத்தமான கத்தி, பஞ்சு, மருந்து அடங்கிய பெட்டி கொடுத்து, செய்யக்கூடாதது எது என்று கற்றுக் கொடுத்தார்கள். பல ஊர்களில் பீடானும் அரசாங்க மருத்துவச்சியும் ஒரே பிரசவத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். குழந்தை பிறப்பது மருத்துவச்சியின் பொறுப்பு. தாய்க்கு உடம்பு பிடித்துவிடுவதும் வயிற்றைக் கட்டுவதும் பீடானின் பொறுப்பு. இப்படி ஊர் மக்களின் நம்பிக்கை மெல்ல மெல்ல ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது.

1970களில் மூன்று படிகளை இரண்டாக்கினார்கள். மருத்துவச்சி கிளினிக்குகள் கிளினிக் டேசாவாக மாறின. அங்கிருந்த மருத்துவச்சிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புது ஆட்களை எடுக்கவில்லை. அவர்களுக்கே கூடுதல் பயிற்சி கொடுத்து ஜுருராவாட் டேசாவாக, அதாவது கிராமத் தாதியாக உயர்த்தினார்கள். பிரசவம் மட்டும் பார்த்தவர் இப்போது தடுப்பூசி போட்டார், குழந்தையின் எடை பார்த்தார், குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசினார். ஊர் அதே ஊர், முகம் அதே முகம், வேலை மட்டும் பெரிதானது.

பயிற்சி என்றால் தடித்த புத்தகம் என்று நினைப்பவர்களுக்காக இன்னொன்று. கர்ப்பிணிகளின் பதிவு அட்டையில் நிற ஒட்டு ஒட்டும் முறை 1980களின் இறுதியில் வந்தது. இன்றும் எங்கள் பாடத்தில் இருக்கிறது. வெள்ளை என்றால் கிளினிக் டேசாவிலேயே தாதி பார்த்துக்கொள்ளலாம். பச்சை என்றால் சுகாதார கிளினிக்கில் டாக்டர் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் நிபுணரிடம். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. இவ்வளவுதான். ஆனால் இந்த நான்கு நிறங்கள் கையில் இருந்தால், தனியாக இருக்கும் தாதிக்கு எது தன் எல்லை, எப்போது உதவி கேட்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும். 1991இலிருந்து ஒவ்வொரு தாய் இறப்பையும், யார் மீதும் பழி போடாமல், எங்கே பிசகியது என்று ரகசியமாக ஆராயும் முறையும் வந்தது. அதில் கண்டது மறுபடியும் பயிற்சிக்குள் போனது.

கிழக்கே நிலைமை வேறு

இவ்வளவு நன்றாக நடந்தது என்றால் இன்று ஏன் பற்றாக்குறை? மலேசிய வரைபடத்தை விரித்துப் பாருங்கள். சபாவும் சரவாக்கும் நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 60 விழுக்காடு. மக்கள்தொகையிலோ ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 2,000 பேருக்கு ஒரு கிளினிக் என்ற கணக்கு கெடாவின் வயல்வெளிக் கம்போங்குகளுக்குச் சரி. ஒரு நீளவீட்டிலிருந்து அடுத்த நீளவீட்டுக்குப் படகில் அரை நாள் ஆகும் சரவாக் ஆற்றங்கரையில் அதே கணக்கு எடுபடாது. 1973இலிருந்து அங்கே ஹெலிகாப்டரில் பறக்கும் டாக்டர் சேவை நடக்கிறது. 1981இலிருந்து ஊர்மக்களே தேர்ந்தெடுக்கும் தொண்டர்களுக்குச் சில வாரப் பயிற்சி கொடுத்துக் கிராமச் சுகாதாரப் பிரதிநிதிகளாக்கும் திட்டமும் நடந்தது. ஹெலிகாப்டர் மாதத்தில் ஏதோ ஒரு நாள் வரும். மற்ற நாள்களில் யார்?

அடுத்த சிக்கல் நோயே மாறிவிட்டது. பிரசவம் ஒரு நாள் கதை. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் சிறுநீரகக் கோளாறும் முப்பது ஆண்டுக் கதை. அதற்கு ஹெலிகாப்டர் தேவையில்லை. மாதா மாதம் அதே நோயாளியைப் பார்த்து, அவர் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று தெரிந்து, பேசக்கூடிய ஆள் தேவை.

கடந்த செமஸ்டரில் சமூகச் சுகாதாரப் பயிற்சிக்காகச் சபாவின் வடக்கே ஒரு சிறிய கிளினிக்கில் இரண்டு வாரம் இருந்தேன். என்னோடு வந்த வகுப்புத் தோழி பித்தாஸ் மாவட்டத்தைச் சேர்ந்த ருங்குஸ் இனப் பெண். அந்த கிளினிக்கின் தாதி கிளந்தான்காரர். பொறுமைசாலி. எங்களுக்கு நாசி லெமாக் கட்டிக் கொடுத்து, இரத்தம் எடுப்பது எப்படி என்று அலுக்காமல் சொல்லிக் கொடுத்தார். அவருடைய கணவரும் கைக்குழந்தையும் கோத்தா பாருவில். இரண்டு ஆண்டாக மாற்றலுக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒருநாள் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் காலில் ஆறாத புண்ணோடு வந்தார். சர்க்கரை அளவு எகிறியிருந்தது. தாதி மலாயில் நிதானமாக எல்லாம் விளக்கினார். மாத்திரை தினமும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். பெரியவர் தலையாட்டினார். பதிவேட்டில் 'மருந்து ஒழுங்காக உட்கொள்கிறார்' என்று ஏறியது. பிறகு கட்டுப் போடும்போது என் தோழி ருங்குஸ் மொழியில் ஏதோ பேச்சுக் கொடுத்தாள். இரண்டு நிமிடம் சிரித்துப் பேசிவிட்டு எங்களிடம் திரும்பி மலாயில் சொன்னாள்: "உடம்பு சரியில்லாத நாளில் மட்டும் மாத்திரை சாப்பிடுகிறாராம். நேற்று நன்றாகத்தானே இருந்தேன், எதற்கு மாத்திரை என்று கேட்கிறார்."

அந்தத் தாதி உடனே பதிவேட்டை எடுத்துத் திருத்தினார். கோபப்படவில்லை. "எனக்கு இந்த மொழி வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்" என்று மட்டும் சொன்னார். அவர் நல்ல தாதிதான். நானும் அவருடைய இடத்தில் இருந்தால் அதே தலையாட்டலை நம்பியிருப்பேன். சுங்கை சிப்புட்டில் என் பாட்டி வார்டில் கிடந்தபோது, மலாயில் கேட்ட எல்லாக் கேள்விக்கும் "யா, யா" என்று தலையாட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

தோழிக்கு இந்தப் படிப்பு இரண்டாவது முறை விண்ணப்பித்தபோதுதான் கிடைத்தது. நமக்கெல்லாம் தெரியும், யு.பி.யு. மெரிட் என்பது 90 விழுக்காடு தேர்வு மதிப்பெண், 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. தாய்மொழியில் ஒரு முதியவரிடம் உண்மையை வரவழைக்கும் திறமைக்கு அதில் எத்தனை புள்ளி என்று நான் அவளைக் கிண்டலாகக் கேட்டேன். "அதற்குப் புள்ளி கொடுத்தால் நீ இங்கே வந்திருக்க முடியாது" என்றாள். சரிதானே!

ஏணி வைத்த பள்ளி

நம் பக்கத்து நாட்டில் ஒரு பள்ளி அதற்கும் இடம் கொடுத்துப் பார்த்தது. பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம் 1976இல் லேத்தே தீவில் சுகாதார அறிவியல் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. தலைநகர் மணிலாவில் படித்த டாக்டர்கள் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. இந்தப் பள்ளியில் மாணவனை அனுப்புவது அவனுடைய ஊர். ஆள் தேவைப்படும் கிராமம் தன் பிள்ளை ஒருவரை முன்மொழிகிறது. அவர் முதலில் மருத்துவச்சிப் பயிற்சி பெறுகிறார். ஆணாக இருந்தாலும் அதுதான் முதல் படி. முடித்ததும் ஊருக்குத் திரும்பி வேலை செய்கிறார். நன்றாகச் செய்தால் ஊரே மீண்டும் பரிந்துரைக்கிறது. வந்து தாதியர் படிப்பு. மறுபடியும் ஊர். அதன் பிறகு மருத்துவப் படிப்பு. எந்தப் படியில் நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கிறது, ஊருக்கும் ஓர் ஆள் இருக்கிறார். தேசியத் தகுதித் தேர்வு எல்லாருக்கும் ஒன்றுதான். 2013இல் ஹையான் புயல் அந்த வளாகத்தைச் சிதைத்தது. பள்ளி நிற்கவில்லை.

நம்முடைய மருத்துவச்சி கிராமத் தாதியானதை நினைத்துப் பாருங்கள். அதே ஏணிதான். நாம் ஒரு படியோடு நிறுத்திவிட்டோம். அவர்கள் மூன்றாவது படியையும் வைத்தார்கள்.

ஜப்பான் வேறு வழியில் போனது. 1972இல் தொடங்கிய ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தில், நாட்டின் 47 மாநிலங்களிலிருந்தும் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேராக எடுக்கிறார்கள். படிப்புச் செலவை மாநிலம் ஏற்கும். பதிலுக்குச் சொந்த மாநிலத்தில், மருத்துவ வசதி குறைந்த இடங்கள் உட்பட, 9 ஆண்டு சேவை. ஒன்பது ஆண்டு என்பது எனக்கு அதிகமாகத்தான் படுகிறது. கிராமத்துப் பிள்ளை என்பதற்காகவே ஒருவரைக் கிராமத்தில் கட்டிப் போடுவது நியாயமா என்ற கேள்வி எழாமல் இல்லை. ஏணி இல்லாத இடத்தில் ஒப்பந்தம் மட்டும் இருந்தால் அது தண்டனை மாதிரிதான். ஏறுவதற்கு வழி தெரிந்தால் ஆள் தானாகவே சில ஆண்டுகள் நிற்பார் என்று லேத்தே சொல்கிறது. எனக்கு அந்த வழி பிடித்திருக்கிறது.

உலகச் சுகாதார நிறுவனமும் 2010இல் வெளியிட்டு 2021இல் புதுப்பித்த வழிகாட்டியில் இதே திசையைத்தான் காட்டுகிறது: கிராமப்புறப் பின்னணி மாணவர்களைச் சேருங்கள், தலைநகருக்கு வெளியே பயிற்சிக் கல்லூரிகளை வையுங்கள், படிக்கும்போதே கிராமத்தில் பயிற்சி கொடுங்கள், தங்குவதற்கு நல்ல வீடு கொடுங்கள். இரண்டாவதை மலேசியா செய்துவிட்டது. சரவாக்கில் யுனிமாஸ் 1995இலும், சபாவில் யு.எம்.எஸ். 2003இலும் மருத்துவப் பள்ளி தொடங்கின. ஆனால் மாணவர் சேர்க்கை நாடு முழுவதற்கும் பொது. கட்டடம் போர்னியோவில் இருக்கிறது, வகுப்பில் கணிசமானோர் என்னைப் போல தீபகற்பத்திலிருந்து விமானம் ஏறி வந்தவர்கள். படிப்பு முடிந்தால் எந்தப் பக்கம் டிக்கெட் எடுப்போம் என்று உங்களுக்கே தெரியும்.

டிரெசர் ஐயா

இனி மாமாவின் கேள்வி. பாட்டி தோட்டத்தில் பால் மரம் சீவியவர். அவர் பேச்சில் அடிக்கடி வரும் ஓர் ஆள் டிரெசர் ஐயா. தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டவர், புண்ணுக்குக் கட்டுப் போட்டவர், மலேரியாவுக்கு மாத்திரையை வாயில் போட்டு விழுங்கும் வரை நின்று பார்த்தவர் எல்லாம் அவர்தான். பட்டம் பெற்ற டாக்டர் பல தோட்டங்களுக்குப் பொதுவாக எப்போதாவது வருவார். மற்ற நேரமெல்லாம் டிரெசர்தான் டாக்டர். தோட்டங்களில் இந்த வேலையில் இருந்த பலர் தமிழர்கள், மலையாளிகள், யாழ்ப்பாணத்தவர்கள். அரசாங்கம் 1965இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் கொண்டுவந்து அவர்களை முறைப்படுத்தியது. அரசாங்க மருத்துவமனைகளில் இதே வகை வேலை செய்தவர்கள் பின்னாளில் மெடிக்கல் அசிஸ்டென்ட் ஆனார்கள். 1977இல் அவர்களுக்கும் தனிப் பதிவுச் சட்டம் வந்தது. இன்றைய பெயர் மருத்துவ உதவி அதிகாரி.

டிரெசர் செய்த வேலையில் பெரும்பகுதி இன்று நான் படிக்கும் வேலைதான். அவரை 'ஐயா' என்று எழுந்து நின்று கும்பிட்ட அதே சமூகம், ஓர் ஆண் பிள்ளை தாதியர் படிப்புக்குப் போனால் முகம் சுளிக்கிறது. இதை மாமாவிடம் சொன்னேன். "அது வேற காலம்டா" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, அவருக்குச் சின்ன வயதில் தேள் கடித்தபோது டிரெசர் வீட்டுக்கே ஓடி வந்த கதையை அவரே சொன்னார்.

என் சித்தி மகள் இந்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதுகிறாள். டாக்டராக வேண்டும் என்ற ஆசை. கெட்டிக்காரிதான், ஆசைப்படட்டும். ஆனால் வீட்டில் டாக்டர் அல்லது ஒன்றுமில்லை என்ற பேச்சுதான் ஓடுகிறது. அவளுக்கும் அவளைப் போன்ற உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய வழிகள் சில உண்டு. சுகாதார அமைச்சுக்குச் சொந்தப் பயிற்சிக் கல்லூரிகள் உள்ளன. தாதியர், மருத்துவ உதவி அதிகாரி, மருந்தாளுநர் உதவியாளர், பிஸியோதெரபி, கதிரியக்கம் என்று டிப்ளோமா படிப்புகள். ஈப்போவுக்குப் பக்கத்தில் உலு கிந்தாவிலேயே ஒரு கல்லூரி இருக்கிறது. தகுதி, எஸ்.பி.எம்.மில் மலாய், கணிதம், ஓர் அறிவியல் பாடம் உள்ளிட்ட கிரெடிட்டுகள். நிபந்தனைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் விளம்பரத்தை நேரடியாகப் படியுங்கள், வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். படிக்கும் காலத்தில் மாதாந்திர உதவித்தொகை கிடைக்கும், முடித்ததும் அரசாங்கத்துக்குச் சேவை செய்ய ஒப்பந்தம் இருக்கும். எங்கே அனுப்பினாலும் போக வேண்டும். டிப்ளோமாவுக்குப் பிறகு ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரையிலான போஸ்ட் பேசிக் படிப்புகள், மகப்பேறு, சிறுநீரகம், தீவிர சிகிச்சை என்று பல. அதன் பிறகு இளங்கலை.

படிகள் இல்லாமல் இல்லை. அவற்றுக்கு இடையே தூரம்தான் அதிகம். உட்புற கிளினிக்கில் தனியாக இருக்கும் தாதி போஸ்ட் பேசிக் படிக்க நகரத்துக்குப் போனால், அவருடைய இடத்தில் உட்கார மாற்று ஆள் வேண்டும். அந்த மாற்று ஆள் இல்லாததுதானே பற்றாக்குறை! ஆகவே ஆள் மிகவும் தேவைப்படும் இடத்தில் இருப்பவருக்கே மேற்படிப்பு கடைசியாகக் கிடைக்கும் நிலை வந்துவிடுகிறது. அவர் என்ன செய்வார்? மாற்றல் கேட்பார். அரசாங்கம் ஒரே ஒரு காரியம் செய்ய வேண்டும் என்றால், உட்புறத்தில் மூன்று ஆண்டு முடித்தவருக்கு மேற்படிப்பில் முதல் இடம் என்று அறிவிக்கலாம். மருத்துவப் படிப்பிலும் அப்படிச் சில இடங்களை ஒதுக்கலாம். 25 வயதில் கிளினிக் டேசாவில் பழகிய ஒரு தாதி 32 வயதில் டாக்டராகி அதே மாவட்டத்துக்குத் திரும்பினால், அவருக்கு யாரும் ஊரைச் சுற்றிக் காட்டத் தேவையிருக்காது.

தோழியிடம் இதைச் சொன்னபோது அவள் உடனே கேட்டாள்: "நீ இங்கேயே இருப்பாயா?" நான் ருங்குஸ் மொழியில் இப்போது பதினைந்து இருபது வார்த்தை கற்றிருக்கிறேன். வலிக்கிறதா, எத்தனை நாளாக, தினமும் சாப்பிடுங்கள். ஆனால் பாட்டிக்கு வயது 81. சுங்கை சிப்புட் மருத்துவமனையில் தமிழ் பேசும் தாதிக்கும் தேவை இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

அடுத்த செமஸ்டர் பயிற்சிக்கு மூன்று இடங்களை வரிசைப்படுத்தி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். தோழி மூன்று வரியிலும் பித்தாஸ் என்றே எழுதினாள். அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்து, வேறு இரண்டு இடம் எழுதி வரச் சொன்னார்கள். என் தாளில் முதல் வரி நிரம்பியிருக்கிறது, அது வடக்கே நாங்கள் போன அதே கிளினிக். கிளந்தான் தாதிக்கு மாற்றல் கிடைத்துவிட்டதாம். அவர் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை.